கல்வி விரும்பனின் கடிதம்

1819 ஜனவரி 12 அன்று ‘மெட்ராஸ் கூரியர்’ இதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் தம்மைக் ‘கல்வி விரும்பன்’ என்று சொல்லிக்கொண்டார். ஜென்னர் கண்டுபிடித்ததாக இங்கிலாந்து பெருமைப்படும் அம்மைத் தடுப்பு இந்தியாவுக்குப் புதிதல்ல, தன்வந்திரி பெயரில் வழங்கும் வடமொழி ஏட்டிலேயே இருக்கிறது என்றது கடிதம். பசு மடியில் எழும் கொப்புளத்து நீரைக் கத்தி முனையில் எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கீறி, இரத்தத்தோடு கலக்கவிட வேண்டும், காய்ச்சல் வரும், பிறகு பெரியம்மை அண்டாது. செய்முறைகூட அதில் இருந்தது.

அந்த ஏடு மட்டும் ஆய்வாளர் எவர் கைக்கும் கிடைக்கவில்லை.

கடிதத்தை ஆராய்ந்த மருத்துவ வரலாற்றாளர் டொமினிக் வுயாஸ்டிக்கின் சந்தேகம், சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை மீது விழுகிறது. திருக்குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்தவர், தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816இலேயே நிறுவியவர் அதே எல்லிஸ்தான். மாட்டம்மையை அம்மன் அருளிய கொடையாகக் காட்டும் உரையாடல் ஒன்றை, அம்மனும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதாக அவர் எழுதியிருக்கிறார். வடமொழியில் செய்யுள் இயற்றி, பழஞ்சுவடி போலத் தோன்றுவதற்காகப் பழைய தாளில் எழுதிவைத்தார் என்றும் அக்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. கடிதம் வெளியான இரண்டே மாதங்களில், ராமநாதபுரத்தில் தவறுதலாக நஞ்சு உட்கொண்டு அவர் இறந்துபோனார்.

இவ்வளவு படித்த மனிதருக்கு இந்த வேலை எதற்கு? மக்கள் அம்மை குத்திக்கொள்ள மறுத்தார்கள். மாரியம்மன் மீதுள்ள பயமே காரணம் என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். சாமியின் பெயரால் மறுப்பவர்களைச் சாமியின் பெயராலேயே இணங்க வைக்கலாம் என்பது கணக்கு.

பயம் இருந்தது உண்மைதான். வீட்டில் முத்துப் போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள், தாளிப்பு நின்றுவிடும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியாள் உள்ளே வரக்கூடாது. ஆனால் மறுத்தவர்களுக்கு வேறு காரணங்களும் இருந்தன.

1802 ஜூனில் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமிக்கு முதன்முதலில் மாட்டம்மைப் பால், அதாவது அந்தக் கொப்புளத்து நீர், குத்தப்பட்டது. அந்த ஆண்டிலேயே அது சென்னைக்கும் வந்து சேர்ந்தது. கெடாமல் வைக்கக் குளிர்பெட்டி இல்லாத காலம். குழந்தைகளின் கைகளே அதைச் சுமந்தன. ஒரு பிள்ளைக்குக் குத்தி, எட்டாம் நாள் கொப்புளம் திரண்டதும் அதைக் கீறி, கசியும் நீரை அடுத்த பிள்ளையின் கையில் ஏற்றுவார்கள். காய்ச்சல் தணியாத பிள்ளையைத் தாய் மறுபடியும் தூக்கிக்கொண்டு வர வேண்டும். எந்த வீட்டுப் பிள்ளையின் சீழ் தன் பிள்ளைக்குப் போகிறது என்பது அவளுக்குத் தெரியாது. இந்த வழியில் மேகநோய் தொற்றக்கூடும் என்பதைப் பின்னர் மருத்துவர்களே ஒப்புக்கொண்டார்கள். அவளுடைய அருவருப்பில் சாதியும் கலந்திருந்தது, நியாயமும் இருந்தது.

இன்னொன்று, மருத்துவர்கள் கொடுத்த வாக்கு. ஒருமுறை குத்தினால் ஆயுளுக்கும் போதும் என்றே ஜென்னர் நம்பினார்; அப்படியே ஊருக்கும் சொல்லப்பட்டது. அது பிழை. சில ஆண்டுகளில் காப்பு குறைந்துவிடும். போதாததற்கு நம் ஊர் வெயிலில் பாலின் வீரியம் போய்விடும். குத்திய பிள்ளைக்கே அம்மை போட்டதைப் பார்த்த தெரு, அடுத்த முறை கதவைத் திறக்குமா?

கைமாறிய சீழுக்கும் வீரியம் இழந்த பாலுக்கும் மருந்துத் தயாரிப்பில்தான் விடை வந்தது. 1899இல் கிண்டியில் தொடங்கிய கிங் நிலையம் கன்றுகளின் தோலில் பாலை வளர்த்து மாகாணமெங்கும் அனுப்பியது. பிள்ளையின் கையைக் கீறி எடுக்கும் கொடுமை ஒழிந்தது. கன்றை வதைத்து எடுப்பதா என்று வேறொரு கேள்வி கிளம்பியது. காந்தியும் அம்மை குத்துவதை எதிர்த்து எழுதினார்.

வேடிக்கை என்னவென்றால், 1905 பிப்ரவரியில் அந்த நிலையத்தை முறைப்படி திறந்துவைத்த ஆளுநர் ஆம்ப்ட்ஹில் பிரபு, பசு வழியாக அம்மையைத் தடுக்கும் முறை பண்டை இந்தியாவில் இருந்ததாக நிலையத்துக்குப் பெயர் தந்த கர்னல் கிங் கூறுகிறார், அதற்குத் தன்வந்திரி வாசகமே ஆதாரம் என்று மேடையில் பேசினார். ஊர்மக்களை நம்பவைக்கச் செய்த புனைவு, அவர்களைவிட அதிகமாக அரசாங்கத்தையே நம்பவைத்துவிட்டது! இன்றும் அது பழம்பெருமைப் பட்டியல்களில் வலம்வருகிறது.

உலகில் பெரியம்மை ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது, ஊசி மீதான சந்தேகம் ஒழியவில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடத் தொடங்கியதும் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பெற்றோர் பலர் மறுத்தார்கள்; முகாம் மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது.

ஊசி போட்ட இடம் வீங்கலாம், ஒரு வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரலாம் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முகாம் நாளன்று கூட்டத்துக்கு நடுவே அதற்கு நேரம் இருக்காது. முந்தின வாரமே பள்ளியில் பெற்றோரை உட்காரவைத்து, கிராம சுகாதார செவிலியர் அவர்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.