சிவந்த கண்ணும் இரண்டு மருந்துகளும்

ஊவாத் தோட்டங்களில் ஒரு காம்பராவில் கண்ணோய் கண்டால் லயன் முழுவதும் காண்பதற்கு அதிக நாள் செல்வதில்லை. ஒரே பீலி, ஒரே துவாய், சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றுவதும் தாய்ப்பால் விடுவதும் எங்கள் பாட்டிமாரின் வைத்தியமாக இருந்தன. பிரட்டுக்களத்துக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. எனவே கண் விரைவில் வெளுக்க வேண்டும் என்ற அவசரம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது.

கோப்பிக் காலத்திலேயே, 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கான வைத்திய வசதிகளுக்கு வழி செய்தது. ஆயினும் தோட்ட டிஸ்பென்சரியில் இருந்தவர் கண் வைத்தியர் அல்லர். சிவந்த கண் எல்லாம் அவருக்கு ஒரே சிவந்த கண்தான்.

உண்மையில் அவை ஒன்றல்ல. தமிழகத்தார் ‘மெட்ராஸ் ஐ’ என்று அழைக்கும் தொற்று பெரும்பாலும் அடினோ வைரஸினால் வருவது. 1953இல்தான் அவ்வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அது பொதுவாகத் தானாகவே ஆறிவிடும். ஹேர்பிஸ் வைரஸ் வேறு ரகம். கருவிழியின் மேல் மரக்கிளை போன்ற புண்ணை உண்டாக்கும், திரும்பத் திரும்ப வரும், தழும்பிட்டுப் பார்வையையும் பறிக்கும்.

1950களில் கோர்ட்டிசோன் துளிகள் புழக்கத்துக்கு வந்தபோது அழற்சி மாயமாய் அடங்கியது. ஆனால் ஹேர்பிஸ் புண் உள்ள கண்ணில் நோயெதிர்ப்பு அடங்க, வைரஸோ பெருகியது. 1959இல் வில்லியம் புரூசொஃப் உருவாக்கிய ஐடொக்ஸியூரிடினை 1962இல் அமெரிக்கரான ஹேர்பேர்ட் கவ்ஃப்மன் இந்நோய்க்குப் பயன்படுத்தி வெற்றி கண்டார். வைரஸைத் தடுக்கும் மருந்து முதன்முதலாகக் கண்ணுக்குக் கிடைத்தது அப்போதுதான்.

இரண்டையும் சேர்த்தால் என்ன? 1994இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று இதற்குப் பதில் தந்தது. கருவிழியின் நடுப்படலத்தில் ஹேர்பிஸ் அழற்சி கண்ட 106 பேருக்கும் டிரைஃபுளூரிடின் கொடுக்கப்பட்டது. அவர்களில் ஒரு பகுதியினர் ஸ்டெரொய்ட் துளியும் பெற்றனர். அவர்களிடம் அழற்சி நீடிக்கும் அல்லது முற்றும் அபாயம் 68 சதவீதம் குறைந்தது. எதிர்வைரஸ் காவல் இருந்தால் ஸ்டெரொய்ட் நண்பன். மேற்பரப்பில் ஆறாத புண் இருந்தாலோ அது பகைவன்தான். இதைப் பிரித்தறிய ஸ்லிட் லாம்ப் எனும் கருவியும், அதில் பார்க்கத் தெரிந்தவரும் வேண்டும்.

பசறைப் பக்கத்தில் நானறிந்த கொழுந்து பறிக்கும் பெண்ணொருவர் நகரத்து மருந்துக் கடையொன்றில் துண்டுச் சீட்டு ஏதுமின்றி ஒரு குப்பி வாங்கினார். உள்ளிருந்தது ஸ்டெரொய்ட் மட்டுமே. இரண்டு நாளில் சிவப்பு மறைந்தது, மலைக்குப் போனார். நான்காம் வாரம் வெயிலைப் பார்க்க முடியாமல் அரசாங்க வைத்தியசாலைக்கு வந்தபோது கருவிழியில் வெண்தழும்பு விழுந்திருந்தது. கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். கேட்டது சிவப்புப் போக மருந்து, கொடுத்ததும் அதுவே.

மிச்சத் துளிகளுடன் அந்தக் குப்பி, மகனின் கண்ணும் சிவந்தால் உதவுமென்று, அடுப்படித் தட்டில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது.