இறாலில் ஒட்டி வரும் விப்ரியோ: நம் வயிற்றைத் தாக்கும் பாக்டீரியாவையே வைரஸ் தாக்கினால் என்ன நடக்கும்?

பரங்கிப்பேட்டையிலோ கிள்ளையிலோ விடிகாலையில் வலையில் சிக்கிய இறால், ஐஸோடு சிதம்பரம் வந்து, அன்று மதியமே நன்றாக வெந்து இலைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஐஸ் கரைந்துபோன கூடையில் வெயிலில் சில மணி நேரம் கிடந்துவிட்டால் கதையே வேற.

காரணம், அந்த இறாலோடு சேர்ந்தே வரும் 'விப்ரியோ பாராஹீமோலிடிகஸ்' என்ற பாக்டீரியா. யாரோ அழுக்குக் கையோடு தொட்டதால் வருவதல்ல இது. வெதுவெதுப்பான உப்பு நீரும் நல்ல நீரும் கலக்கும் கழிமுகங்கள்தான் இதன் சொந்த ஊர். இறால், நண்டு ஓட்டில் இருக்கும் கைட்டின் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு வாழும். வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டை போன்ற இடம் இதற்கு ரொம்ப வசதி.

அண்ணாமலை நகருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருப்பது பரங்கிப்பேட்டையில். போர்ட்டோ நோவோ என்ற பழைய பெயரில் இந்த ஊர் உலக ஆய்விதழ்களில் இடம்பிடித்தது. இங்கு கிடைக்கும் மீன்களில் விப்ரியோ எந்தப் பருவத்தில் எவ்வளவு இருக்கிறது என்று 1980-லேயே கட்டுரை வெளியிட்டவர்களில் ஒருவர் ஜி. பாலகிருஷ் நாயர். இதே பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பிறகு கொல்கத்தாவில் உள்ள தேசிய காலரா ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 1998-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதும் பெற்றார்.

வெள்ளாற்றில் பார்த்த பாக்டீரியா அவரை விடவில்லை. 1996 பிப்ரவரியில் கொல்கத்தா நோயாளிகளிடம் விப்ரியோ பாராஹீமோலிடிகஸின் 'ஓ3:கே6' என்ற புது ரகம் திடீரென்று அதிகரித்தது. அதை அடையாளம் கண்ட குழுவில் அவரும் இருந்தார். அந்த ரகம் பிறகு தென்கிழக்கு ஆசியா, ஜப்பான், அமெரிக்கா, சிலி என்று பரவியது. ஒரு கடல் உணவு பாக்டீரியா இப்படி உலகம் சுற்றியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

வயிற்றுக்குள் என்னதான் செய்கிறது?

இந்த பாக்டீரியாவின் பலமே வேகம்தான். சாதகமான சூட்டில் 10 - 12 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். 12 நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். 100 பாக்டீரியா 3 மணி நேரத்தில் 32 லட்சத்தைத் தாண்டிவிடும். வெயிலில் கிடந்த கூடைக்குள் நடப்பது இந்தக் கணக்குதான்.

குடலுக்குள் போனதும் இரண்டு ஆயுதங்களை எடுக்கிறது. ஒன்று, குடல் செல்களின் சவ்வில் ஓட்டை போடும் நச்சு. இன்னொன்று, நுண்ணிய ஊசி போன்ற அமைப்பு; அதை செல்லுக்குள் குத்தித் தன் புரதங்களை ஏற்றிவிடுகிறது. பெரும்பாலும் சாப்பிட்ட ஒரு நாளுக்குள் வயிற்றுப்போக்கு, வயிற்றைப் பிசையும் வலி, வாந்தி வரும். பலருக்கு மூன்று நாளில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 1950-இல் ஜப்பானின் ஒசாகாவில் இந்த பாக்டீரியா முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே, சிறு கருவாட்டு மீன் சாப்பிட்டு 272 பேர் நோயுற்று, 20 பேர் இறந்த பிறகுதான்.

இதன் நெருங்கிய சொந்தக்காரன் காலரா பாக்டீரியா. அது செல்லைக் கிழிப்பதில்லை. அதன் நச்சு செல்லுக்குள் புகுந்து, உப்பையும் தண்ணீரையும் வெளியே இறைக்கும் 'குழாயை' மூடவிடாமல் செய்துவிடுகிறது. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை தண்ணீர் போகக்கூடும். இந்த நச்சு இருப்பதை 1959-இல் கொல்கத்தாவில் முயல் குடலை வைத்து நிரூபித்தவர் எஸ்.என்.டே.

இங்கேதான் ஒரு திருப்பம். அந்த நச்சுக்கான மரபணு காலரா பாக்டீரியாவின் சொந்தச் சொத்தே இல்லை. ஒரு வைரஸ் கொண்டுவந்து வைத்தது. 1996-இல் அமெரிக்காவின் வால்டார், மெக்கலானோஸ் இருவரும் இதைக் கண்டுபிடித்தனர்.

பாக்டீரியாவுக்கும் வைரஸ் தொல்லையா?

ஆமாம், நம்மைவிட அதிகமாகவே. பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்களுக்கு 'ஃபேஜ்' என்று பெயர். ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் சராசரியாக ஒரு கோடி வைரஸ்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஃபேஜ்கள். கடல் பாக்டீரியாக்களில் ஐந்தில் ஒரு பங்காவது ஒவ்வொரு நாளும் இவற்றால் சாகின்றன. இவை மனித செல்களைத் தொடுவதில்லை.

இதன் முதல் தடயம் கிடைத்ததும் இந்தியாவில்தான். கங்கை, யமுனை நீரில் போட்ட காலரா கிருமிகள் சில மணி நேரத்தில் செத்துப்போவதையும், அதே நீரைக் கொதிக்கவைத்தால் அந்தச் சக்தி போய்விடுவதையும் 1896-இல் எர்னஸ்ட் ஹான்கின் பதிவு செய்தார். அது ஃபேஜாக இருக்கலாம் என்று சொல்ல ஆள் வர இன்னும் 20 வருடம் ஆனது.

பாக்டீரியா எப்படித் தப்பிக்கிறது?

முதல் வழி, சட்டையை மாற்றுவது. ஃபேஜ் உள்ளே நுழைய பாக்டீரியாவின் மேல்பூச்சில் ஒரு பிடிமானம் வேண்டும். பூச்சு மாறினால் பிடி கிடைக்காது.

இதைப் புரிந்துகொள்ள 1992-க்குப் போக வேண்டும். அதுவரை காலரா கொள்ளைநோயை உண்டாக்கியது 'ஓ1' பூச்சு கொண்ட ரகம் மட்டும்தான். அந்த ஆண்டு அக்டோபரில், அப்போதைய மெட்ராஸில், ஓ1 பரிசோதனையில் சிக்காத காலரா தென்பட்டது. வேலூர், மதுரையிலும் வந்தது. சில மாதங்களில் கொல்கத்தா, வங்கதேசம் வரை போனது. அதற்கு வைத்த பெயர் 'ஓ139 பெங்கால்'. வங்காள விரிகுடாக் கரையோரம் பரவியதால் அந்தப் பெயர். 1993-இல் லான்செட் இதழில் இதை உலகுக்கு அறிவித்த குழுவிலும் நாயர் இருந்தார்.

உள்ளே பழைய காலரா, மேலே புதுப் பூச்சு. ஓ1-க்கு எதிராக உடலில் எதிர்ப்பு வைத்திருந்த பெரியவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். மனித உடலை ஏமாற்றிய அதே மாற்றம் சில ஃபேஜ்களையும் ஏமாற்றும். 'ஐசிபி1' என்ற காலரா ஃபேஜுக்கு ஓ1 பூச்சுதான் கைப்பிடி. ஓ139-இல் அந்தக் கைப்பிடியே கிடையாது.

இரண்டாவது வழி, கத்தரிக்கோல். பாக்டீரியா தன் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் வேதிக் குறி போட்டுவைக்கும். குறி இல்லாத டி.என்.ஏ. உள்ளே வந்தால் அந்நியன் என்று வெட்டிவிடும்.

மூன்றாவது, நினைவாற்றல். இதுதான் 'கிரிஸ்பர்'. முன்பு தாக்கிய வைரஸின் டி.என்.ஏ. துண்டு ஒன்றை பாக்டீரியா சேமித்து வைக்கும், போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டிவைப்பது மாதிரி. அதே வைரஸ் மறுபடி வந்தால் அடையாளம் பார்த்து வெட்டும். இது வேலை செய்வதை 2007-இல் நிரூபித்தது நோய்க்கிருமியில் அல்ல. பாலைத் தயிராக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் பாக்டீரியாவில்.

நான்காவது வழி கொஞ்சம் சோகமானது: தற்கொலை. வைரஸ் உள்ளே பெருகத் தொடங்கியதும் சில பாக்டீரியாக்கள் தங்களைத் தாங்களே அழித்துக்கொள்கின்றன. வைரஸ் குட்டி போடும் முன்பே வீடு இடிந்துவிடும்; பக்கத்தில் உள்ள உறவுகள் பிழைக்கும். 1961-இல் இந்தோனேசியாவில் தொடங்கி இன்றும் தொடரும் காலரா அலையின் ரகத்தில் இப்படியொரு அமைப்பு இருக்கிறது. மனித செல்கள் வைரஸைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் ஒரு எச்சரிக்கை மணியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. ஐசிபி1, பாக்டீரியாவின் ஆயுதமான கிரிஸ்பரையே வைத்துக்கொண்டு, அதைக் கொண்டு காலரா பாக்டீரியாவின் வேறொரு பாதுகாப்பு அமைப்பை வெட்டுவது 2013-இல் தெரியவந்தது. திருடனிடமே போலீஸ் லத்தி!

இதனால் நமக்கு என்ன?

ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாத கிருமிகள் பெருகும் நிலையில் ஃபேஜ்களை மருந்தாக்கும் முயற்சி பல நாடுகளில் நடக்கிறது. சாப்பிடத் தயாரான இறைச்சியில் லிஸ்டீரியா கிருமியைக் கொல்ல ஃபேஜ் தெளிக்க அமெரிக்கா 2006-இல் அனுமதி கொடுத்தது. இறால் குஞ்சுப் பண்ணைகளில் விப்ரியோவுக்கு எதிராகவும் சோதனைகள் நடந்துள்ளன. ஒரு முக்கியத் தடை: ஒரே ஃபேஜைத் தொடர்ந்து கொடுத்தால், மேலே சொன்ன நான்கில் ஏதாவது ஒரு வழியில் பாக்டீரியா தப்பித்துவிடும். அதனால் பல ஃபேஜ்களைக் கலந்து கொடுக்கிறார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியது

விப்ரியோ சூட்டைத் தாங்காது. இறால், நண்டு உள்வரை வெந்தால் செத்துவிடும். பலரும் கோட்டைவிடுவது சமைத்த பிறகுதான். பச்சை இறாலைச் சுத்தம் செய்த அதே அரிவாள்மனையில், கழுவாமல் பச்சடிக்கு வெங்காயம் நறுக்கினால் கிருமி நேராகத் தட்டுக்கு வரும். வாங்கியதும் ஐஸ் அல்லது ஃப்ரிட்ஜ் முக்கியம்.

"சுட வைத்தால் சரியாகிடும்" என்பதும் எல்லா நேரமும் உண்மை இல்லை. வெளியில் வைத்த சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்றவை உணவிலேயே நச்சை விட்டுவைக்கும். மறுபடி சூடாக்கினால் பாக்டீரியா சாகலாம். அந்த நச்சு அப்படியே இருக்கும்.

வயிற்றுப்போக்கு தொடங்கினால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்க வேண்டும். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது, குழந்தை சோர்ந்து படுப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.