பெயரும் வழியும்

பேரும் ஊரும் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது நம் வழக்கம். ஒருவருடைய பேர் தெரிந்திருந்தும் அவர் வாழும் ஊர் தெரியாவிடில் அவரைக் காண இயலாது. ஊர் தெரிந்திருந்தும் போகும் வழி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்தால் அப்பொழுதும் காண இயலாது. காண இயலாமை ஒன்றே. அதன் காரணங்களோ இரண்டு. இணையம் என்னும் கணிப்பொறி வலையிலும் இவ்வேற்றுமை உண்டு. அதனை அறியாதவர்கள் "நெட் இல்லை" என்ற இரண்டே சொற்களில் எல்லாக் கோளாறுகளையும் அடக்கிவிடுகின்றனர். இவ்விரு காரணங்களையும் பிரித்தறிய மனிதர் கற்றுக்கொண்ட வரலாற்றை, மாணவ நண்பர்களே, இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

இணையத்தில் ஒரு கணிப்பொறி மற்றொன்றை எண்ணைக் கொண்டே அடைகின்றது. அவ்வெண்ணை ஐ.பி. முகவரி என்பர். ஆனால் மனிதர் நினைவில் எண்கள் நிற்பதில்லை, பெயர்களே நிற்கின்றன. ஆகையால் பெயருக்கும் எண்ணுக்கும் பாலமாக ஓர் ஏற்பாடு தொடக்கத்திலேயே தேவைப்பட்டது. இணையத்தின் முன்னோடியாகிய அர்ப்பாநெட் 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தது. அதில் சேர்ந்த கணிப்பொறிகளின் பெயர்களையும் எண்களையும் கொண்ட பட்டியல் ஒன்று, கலிபோர்னியாவில் உள்ள மென்லோ பார்க் நகரில், எஸ்.ஆர்.ஐ. என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் காக்கப்பட்டு வந்தது. அப்பணியை நடத்தியவர் எலிசபெத் ஃபெயின்லர் என்னும் அம்மையார். புதிதாக ஒரு கணிப்பொறியை வலையில் சேர்ப்பவர், அலுவலக நேரத்தில் தொலைபேசியில் அழைத்து, அதன் பெயரைப் பதிவு செய்துகொள்ளுதல் வழக்கமாயிருந்தது. மற்றவர்கள் அப்பட்டியலை அவ்வப்போது தம் கணிப்பொறிக்குப் படியெடுத்துக்கொண்டனர்.

சிற்றூருக்கு இம்முறை போதும், பெருநகரத்துக்குப் போதுமா? கணிப்பொறிகள் பெருகப் பெருகப் பட்டியல் நீண்டது. இன்று எடுத்த படி நாளை பழையதாயிற்று. ஒரே நிலையத்தை எல்லாரும் நாடியதால் அதன் சுமையும் மிகுந்தது. இதற்கு மாற்று வழியாக ஐந்து யோசனைகள் அறிஞர்களிடையே உலவின. அவற்றை ஒப்பிட்டு ஓர் இணக்கம் காணுமாறு ஜான் போஸ்டல் என்பவர் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் இளம் அறிஞரிடம் ஒப்படைத்தார். அவரோ ஐந்தையும் விடுத்து ஆறாவது ஒன்றைத் தாமே வகுத்தார். 1983ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அது வெளியாயிற்று. டி.என்.எஸ். என்று இன்று உலகம் அழைக்கும் பெயர் முறை அதுவே.

அதன் அடிப்படைக் கருத்து எளிது. எல்லாப் பெயர்களையும் ஒருவரே காக்க வேண்டுவதில்லை; பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்கலாம். நம் நாட்டில் ஒரு முகவரியைத் தேடுகின்றவர் முதலில் மாநிலம், பிறகு மாவட்டம், பிறகு ஊர், பிறகு தெரு என்று படிப்படியாக நெருங்குவது போலவே இதுவும். நாம் ஒரு பெயரைத் தட்டச்சு செய்ததும் நம் கணிப்பொறி அதனை ரிசால்வர் என்னும் மற்றொரு கணிப்பொறியிடம் கேட்கின்றது. பெயரைக் கேட்டு எண்ணைத் தேடித் தருவதே ரிசால்வரின் தொழில். அது முதலில் வேர் நிலையங்களை வினவும். அவை ஏ முதல் எம் வரை பதின்மூன்று ஆங்கில எழுத்துப் பெயர்களால் வழங்குகின்றன. ஆயினும் ஒவ்வொரு பெயரின் பின்னும் உலகெங்கும் பல கணிப்பொறிகள் உள்ளன. "இந்தப் பெயரின் கடைப்பகுதிக்குப் பொறுப்பானவர் இன்னார்" என்று வேர் நிலையம் வழிகாட்டும். அங்குச் சென்று கேட்டால் அடுத்தவரைக் காட்டுவர். இறுதியில் உரியவரிடமிருந்து எண் கிடைக்கும். கிடைத்த விடையைக் குறித்த காலம் வரை ரிசால்வர் நினைவில் வைத்திருக்கும். அடுத்தவர் அதே பெயரைக் கேட்கும்போது மீண்டும் அலையாமல் உடனே சொல்லிவிடும்.

வரலாற்றின் ஒரு வியப்பை இங்கே குறிப்பிட வேண்டும். பெயர் முறை வெளியான அடுத்த மாதத்திலேயே, அதாவது 1983 டிசம்பரில், வழியைச் சோதிக்கும் கருவியும் பிறந்தது. அமெரிக்கப் படையின் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் பணிபுரிந்த மைக் மூஸ் என்பவர், வலையில் தோன்றிய ஒரு கோளாற்றைக் கண்டறிய, ஒரே மாலைப்பொழுதில் ஒரு சிறு நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவோர் கடலுக்குள் ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டுத் தொலைவை அறிவர். அவ்வொலியின் பெயரையே தம் நிரலுக்கும் வைத்து, "பிங்" என்றார். ஓர் எண்முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, மறுமொழி வருகின்றதா, வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகின்றது என்று அளப்பதே அதன் வேலை. சில ஆண்டுகளுக்குப் பின் வேன் ஜேக்கப்சன் என்பவர் டிரேஸ்ரூட் என்னும் மற்றொரு கருவியை ஆக்கினார். ஒவ்வொரு செய்தியும் வழியில் எத்தனை ரௌட்டர்களைக் கடக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பெண் உண்டு. அவ்வெண்ணை ஒன்று, இரண்டு, மூன்று என்று உயர்த்தி அனுப்பினால், செய்தி எங்கே தீர்ந்துபோகின்றதோ அங்குள்ள ரௌட்டர் அதனைத் தெரிவிக்கும். இவ்வாறு வழியில் உள்ள ஒவ்வொரு நிலையும் நமக்குப் புலப்படுகின்றது. பெயரைக் கேட்க ஒரு முறையும், வழியைச் சோதிக்க வேறு கருவிகளும் ஆக, இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனி விடை காணும் ஆற்றல் மனிதருக்கு வாய்த்தது.

ஆயினும் மூன்றாவது கேள்வி ஒன்று மறைந்திருந்தது. ரிசால்வர் சொல்லும் விடை மெய்தானா? 2008ஆம் ஆண்டில் டான் கமின்ஸ்கி என்னும் ஆராய்ச்சியாளர் இக்கேள்வியை உலகின்முன் வைத்தார். ரிசால்வர் தான் அனுப்பும் ஒவ்வொரு வினாவுக்கும் ஓர் அடையாள எண் இடுகின்றது. அவ்வெண் 65,536 எண்களுள் ஒன்றாகவே இருக்க முடியும். வஞ்சகன் ஒருவன் மிக விரைவாகப் பொய் விடைகளை அனுப்பிக்கொண்டே இருந்தால், மெய் விடை வருமுன் அடையாள எண் பொருந்திவிடக்கூடும். பொருந்தினால் பொய் எண் ரிசால்வரின் நினைவில் ஏறிவிடும். பிறகு கேட்போர் அனைவரும் வஞ்சகனின் வாசலுக்கே அனுப்பப்படுவர். போட்டி நிறுவனங்கள் பலவும் செய்தியை வெளிவிடாமல் ஒன்றுகூடி உழைத்து, 2008 ஜூலை 8ஆம் நாள் திருத்தங்களை ஒருங்கே வெளியிட்டன. விடைகளுக்குக் கையொப்பம் இடும் முறை, 2010 ஜூலை 15ஆம் நாள் வேர் நிலையங்களின் தரவுக்கும் வந்தது.

இனிப் பொது ரிசால்வர்களின் கதைக்கு வருவோம். சாதாரணமாக நம் வீட்டுக்கு இணையம் தரும் நிறுவனமே ரிசால்வரையும் தருகின்றது. அது மந்தமாயிருந்தாலும், பழுதுபட்டாலும், வேண்டுமென்றே தவறான விடை சொன்னாலும் நமக்கு வேறு புகல் வேண்டுமன்றோ? எவரும் பயன்படுத்தக்கூடிய ரிசால்வர்கள் இக்காரணத்தால் பெருகின. ஓப்பன் டி.என்.எஸ். 2006ஆம் ஆண்டில் தோன்றியது. 2009 டிசம்பரில் கூகுள் நிறுவனம் 8.8.8.8 என்னும் எண்ணில் ஒன்றைத் திறந்தது. 2017 நவம்பரில் 9.9.9.9 என்ற எண்ணில் குவாட்9 வந்தது. 2018 ஏப்ரல் முதல் நாளில் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 1.1.1.1 என்னும் எண்ணைத் தொடங்கியது. பெயர்களை மறந்தாலும் இவ்வெண்களை மறத்தல் அரிது. மறக்க முடியாத எண்ணாக இருத்தல் இத்தொழிலுக்கு இன்றியமையாதது. பெயர் சொல்பவரையே பெயரால் தேட முடியாது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவ்வெண் ஒருகால் வீதிச் சுவரிலும் ஏறியது. 2014 மார்ச் 20ஆம் நாள் துருக்கி நாட்டில் ட்விட்டர் தளம் தடை செய்யப்பட்டது. அந்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலுக்குப் பத்து நாட்களே இருந்தன. முதலில் அந்நாட்டுச் சேவை நிறுவனங்களின் ரிசால்வர்கள் அப்பெயருக்கு உரிய எண்ணைச் சொல்லாமல் விட்டன. வழி திறந்தே இருந்தது. பெயர் மட்டும் மறைக்கப்பட்டது. இதனை உணர்ந்தவர்கள் இஸ்தான்புல் நகரச் சுவர்களில் 8.8.8.8 என்று வண்ணத்தால் எழுதினர். வேறு ரிசால்வரைக் கேட்டால் விடை கிடைக்கும் என்பதே அச்சுவரெழுத்தின் பொருள். அதன்பின் தடை எண்முகவரிகளுக்கும் பரவியது. மார்ச் 29ஆம் நாள் கூகுள் நிறுவனம் மற்றொரு செய்தியை வெளியிட்டது. துருக்கியின் பெரும்பாலான சேவை நிறுவனங்கள், தன் ரிசால்வரைப் போலவே நடிக்கும் கணிப்பொறிகளை நிறுவி, தன் எண்ணுக்கு வரும் வினாக்களை இடைமறிக்கின்றன என்றது. சுவரில் எழுதிய எண் அதே எண்தான். விடை சொன்னவரோ வேறொருவர். ஏப்ரல் 2ஆம் நாள் துருக்கியின் அரசியலமைப்பு நீதிமன்றம், ட்விட்டர் மீதான தடை கருத்துரிமைக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. மறுநாள் அத்தடை நீங்கியது. பெயர் சொல்லும் பொறுப்பு எத்துணை அதிகாரத்தைத் தன்னுள் கொண்டுள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நான் அறியேன்.

பெயரும் வழியும் ஒன்றுபோல் தோன்றி நம்மை மயக்கும் இரண்டு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துக் காண்போம். 2021 அக்டோபர் 4ஆம் நாள் பேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்தன. எந்த ரிசால்வரைக் கேட்டாலும் எண் கிடைக்கவில்லை. ஆகவே பெயர் முறையே கெட்டுவிட்டது என்று பலர் எண்ணினர். உண்மை வேறு. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளையால் அந்நிறுவனத்தின் உள்வழிகள் அற்றுப்போயின. அதனைக் கண்ட அதன் பெயர் நிலையங்கள், தம்மை அடையும் வழிகளை ஏற்பாட்டின்படி தாமே விலக்கிக்கொண்டன. பெயர் நிலையங்கள் பழுதின்றி இயங்கின. அவற்றிடம் செல்லத்தான் வழியில்லை. மற்றொன்று 2025 ஜூலை 14ஆம் நாள் நடந்தது. அமைப்பில் நேர்ந்த பிழையால் 1.1.1.1 என்னும் எண்ணுக்குச் செல்லும் வழிகள் 62 நிமிடங்கள் மறைந்தன. அதனை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு இணையம் முழுவதும் இறந்துவிட்டதாகத் தோன்றியது. மற்ற வழிகளெல்லாம் திறந்திருந்தன. வழி கேட்க ஆளில்லாமையே குறை. முன்னதில் பெயரின் பிழைபோலத் தோன்றியது வழியின் பிழை. பின்னதில் வலை முழுவதன் பிழைபோலத் தோன்றியது ஒரேயொரு ரிசால்வரின் பிழை.

எனவே இணையம் நின்றது என்று யார் வந்து சொன்னாலும் நான் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்பேன். வீட்டு ரௌட்டரின் எண்ணுக்குப் பிங் அனுப்பினால் மறுமொழி வருகின்றதா? வராவிடில் குறை வீட்டுக்குள்ளே இருத்தல் கூடும். வெளியுலக எண் ஒன்றிலிருந்து மறுமொழி வருகின்றதா? வந்தால் வழி உண்டு. நம் ரிசால்வரிடம் ஒரு பெயரைக் கேட்டால் எண் கிடைக்கின்றதா? என்.எஸ்.லுக்அப், டிக் ஆகிய கருவிகள் இதற்கு உதவும். அதே பெயரை வேறொரு ரிசால்வரிடம் கேட்டால் என்ன விடை? முன்னது மௌனம் சாதித்து, பின்னது விடை சொன்னால், குற்றம் நம் ரிசால்வரிடமோ அதற்குச் செல்லும் வழியிலோ இருப்பது புலனாகும்.

இவற்றோடு சில எச்சரிக்கைகளும் வேண்டும். பிங்குக்கு மறுமொழி தர வேண்டாம் என்று சில கணிப்பொறிகள் அமைக்கப்பட்டுள்ளன. ஆதலால் ஒருவருடைய மௌனத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. "அப்படி ஒரு பெயர் இல்லை" என்பது ஒரு விடை. விடையே வாராமை வேறொரு நிலை. இரண்டையும் குழப்புதல் தவறு. இரண்டு ரிசால்வர்களின் விடை வேறுபட்டால் உடனே வஞ்சம் என்றும் கருதற்க. பெரிய தளங்கள் அவரவர்க்கு அண்மையில் உள்ள கணிப்பொறியின் எண்ணைத் தருவதுண்டு. பழைய விடை ஒன்றின் நினைவில் காலம் தீராமல் இருப்பதும் உண்டு. ரிசால்வரை மாற்றுகின்றவர், தாம் தேடும் பெயர்களையெல்லாம் அறியும் வாய்ப்பைப் புதியவர் ஒருவருக்குத் தருகின்றார் என்பதையும் மறத்தலாகாது.

பெயரை ஒருவரிடமே கேட்டு, அவர் சொன்னதே முடிவு என்று இருந்த காலம் மென்லோ பார்க்கின் பட்டியலோடு முடிந்தது. அன்று அப்பட்டியலைக் காத்தவர்களை அனைவரும் அறிந்திருந்தனர், நம்பினர். இன்று நாம் யாரிடம் கேட்கின்றோம் என்பதையே நம்மில் பலர் அறியார். ஆதலால் மாணவர்களே, உங்கள் கணிப்பொறி யாரிடம் பெயர் கேட்கின்றது என்பதை இன்றே அதன் அமைப்புகளில் தேடிப் பாருங்கள். விடை வராதபோது வழியையும் பெயரையும் தனித்தனியே சோதியுங்கள். வந்த விடையில் ஐயம் எழுந்தால் மற்றொருவரையும் கேளுங்கள். கோளாறு தீர்க்கும் கலைக்கு மட்டுமன்றி, செய்திகளின் நடுவே வாழும் எவருக்கும் இப்பழக்கம் நன்மை பயக்கும் என்பது என் கருத்து.