பேண்டிகூட் (பெயர் வரலாறு)

பேண்டிகூட் என்பது தெலுங்கிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற விலங்குப் பெயர். பெருச்சாளியையும், அதற்கு உறவில்லாத ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டிகளையும் ஒருங்கே குறிக்கிறது. மூலச்சொல் ‘பந்திகொக்கு’. இதில் ‘பந்தி’ என்பது பன்றி, தமிழ்ச் சொல்லுக்கு இனமானது. ‘கொக்கு’ எலியைக் குறிக்கும், தமிழில் கொக்கு எனப்படும் பறவைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெருச்சாளியின் பருத்த உடல், முதுகில் விறைத்த கருமயிர், சீண்டினால் எழுப்பும் பன்றி உறுமல் ஆகியவற்றுக்கு இப்பெயர் நன்கு பொருந்துகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் ஆங்கிலேயர் வாயில் இது ‘பேண்டிகூட்’ எனத் திரிந்தது. 1873-இல் ஜான் எட்வர்ட் கிரே இதை இலத்தீனாக்கி, ‘பேண்டிகோட்டா’ என்ற பேரினத்தை நிறுவினார். பெருச்சாளியின் அறிவியற்பெயர் பேண்டிகோட்டா இண்டிகா.

அதற்கு முன்பே பெயர் கடல் கடந்துவிட்டது. 1799-இல் ஆய்வுப்பயணி ஜார்ஜ் பாஸ், கூர்மூக்குள்ள ஆஸ்திரேலிய விலங்குகளை இப்பெயரால் சுட்டினார். அவை வயிற்றுப்பையில் குட்டி வளர்ப்பவை, பெராமிலிமார்ஃபியா வரிசையைச் சேர்ந்தவை, ஒற்றுமை தோற்றத்தளவில்தான். இன்று உலக வழக்கில் இரவல் பொருளே முந்தி நிற்கிறது.

கேரளத்தில் உருவாகி 2018-இல் அறிமுகமான, பாதாளச் சாக்கடைக் குழிகளைத் துப்புரவாக்கும் ரோபோவுக்கும் இப்பெயரே இடப்பட்டது.