பொருந்தாத எண்கள்: போர்க்காலத் துப்பாக்கிகளை மதிப்பிடுவது குறித்து

பழைய இராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்போர் மேலைநாடுகளில் முதலில் பார்ப்பது எண்களைத்தான். பாடியில் பொறித்த எண், போல்ட் கைப்பிடியில் உள்ள எண், குழலின் எண், முன்முனை உலோகத் தொப்பியின் எண், பேக்சைட் (பின்குறிகாட்டி) தகட்டின் அடிப்புற எண் எல்லாம் ஒன்றாக இருந்தால் விலை ஏறும். ஒன்று மாறினாலும் இறங்கும். இந்தியாவில் புழங்கிய லீ-என்ஃபீல்டு ரகங்களுக்கு இந்த அளவுகோல் செல்லாது என்பது என் வாதம். செல்லாதது மட்டுமல்ல, அது கெடுதலும் செய்கிறது. எண் எந்த இடத்தில் மாறியதோ அந்த இடத்தில்தான் இத்துப்பாக்கிகளின் வரலாறு இருக்கிறது.

இதைச் சென்னையின் தெற்கே உள்ள தாம்பரம் பக்கத்தை வைத்துப் பேசக் காரணம் உண்டு. பரங்கிமலையில் இராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி, பல்லாவரம் கன்டோன்மென்ட், தாம்பரம் விமானப்படைத் தளம், வண்டலூர் அருகே காவலர் பயிற்சி அகாடமி, இடையில் என்.சி.சி. நடத்தும் கல்லூரிகள் என்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியே ஆயுதம் கையாளும் நிறுவனங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. தனியார் சேகரிப்பு ஏறக்குறைய இயலாத நாட்டில், சேகரிப்பு என்ற சொல்லுக்கு உரிய இடங்கள் இவைதாம்.

த்ரீ நாட் த்ரீ என்று நாம் சொல்லும் .303 துப்பாக்கியில் இங்கே அதிகம் புழங்கியது 'நம்பர் 1 மார்க் 3 ஸ்டார்'. அந்த ஸ்டாரே ஒரு போர்க்காலச் சிக்கனத்தின் அடையாளம். முதல் உலகப்போரின் நடுவே, 1916-இல், நெடுந்தொலைவுக் கூட்டுச்சூட்டுக்கான பக்கவாட்டுக் குறிகாட்டி, தோட்டாக்களை அடைத்து வைக்கும் கட்-ஆஃப் தகடு போன்றவை நீக்கப்பட்டன. உற்பத்தியை விரைவுபடுத்துவதே நோக்கம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் 'நம்பர் 4' ரகத்துக்கு மாறியது. வங்காளத்தின் இஷாப்பூர், ஆஸ்திரேலியாவின் லித்கோ துப்பாக்கித் தொழிற்சாலைகள் மாறவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கி, சென்னையில் பாதி ஊர் காலியாகிக்கொண்டிருந்த நேரம் அது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களை நிறுத்திப் புதிய ரகத்துக்கு மாற்றும் வேளை அதுவல்ல. ஆகவே 1943 என்று பொறித்த ஓர் இஷாப்பூர் துப்பாக்கி, வடிவத்தில் முந்தைய போரைச் சேர்ந்தது. அதன் கரடுமுரடான அரத்தடத்தைக் 'குறை' என்று எழுதுபவர், அவசரத்தின் நேரடிச் சாட்சியத்தை அழித்து எழுதுகிறார்.

இந்தியாவில் வழக்கமாகக் கிடைக்கும் ஒரு மாதிரியை வாசித்துப் பார்ப்போம். பட் கட்டை பாடியோடு சேரும் உலோகப் பட்டையில் கிரீடம், அதன் கீழே 'என்ஃபீல்டு, 1917'. குழலிலோ 1940-களின் தேதி. முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகாணி. குழல் ஏன் மாறியது? பழைய தோட்டாவின் தொப்பியில் இருந்த குளோரேட் வேதிப்பொருள் வெடித்தபின் குழலுக்குள் உப்பைப் படியவிடும், உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். சுட்டவுடன் கொதிநீர் ஊற்றிக் கழுவி, புல்-த்ரூ கயிற்றைக் குழலுக்குள் இழுத்து, எண்ணெய்த் துணியால் துடைக்காவிட்டால் வரித்தடங்கள் அரிக்கப்படும். கடலோர ஈரத்தில் இது எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதைச் சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறுக்குத் திருகாணி, முன்கட்டை பிளக்காமலிருக்க இந்தியப் பட்டறைகள் போட்ட வலுவூட்டல். மேலைச் சந்தையில் இவை இரண்டும் மதிப்பைக் குறைக்கும். வரலாற்றாசிரியருக்கோ, இந்தத் துப்பாக்கி இரண்டு போர்களிலும் வேலை செய்தது, வெப்பத்திலும் ஈரத்திலும் வாழ்ந்தது, ஒருமுறையாவது பெரிய பழுதுபார்ப்புக்குப் போனது என்ற மூன்று செய்திகள் இங்கே கிடைக்கின்றன. எண்ணெல்லாம் பொருந்திய துப்பாக்கி, பெரும்பாலும் கிடங்கிலேயே உறங்கிய துப்பாக்கி.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, எளிதில் தள்ளிவிடக் கூடியதும் அல்ல. எண் பொருந்த வேண்டாம் என்றால், அரசுப் பட்டறை செய்த மாற்றத்தையும் எவரோ பின்கட்டில் உதிரிகளைக் கோத்துச் செய்ததையும் எப்படிப் பிரிப்பது? பிரிக்கலாம். பட்டறை பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துப் புதிய எண்ணைப் பொறிக்கும், பழுதுபார்ப்பு முத்திரையையும் ஆண்டையும் இடும், புதிய குழலில் சோதனை முத்திரை இருக்கும். மறுபுறம், எண் பொருத்தத்துக்கு அதிக விலை கொடுக்கும் சந்தைதான் பழைய எண்ணைத் தேய்த்துப் 'பொருத்தும்' போலிகளுக்குத் தூண்டுதல். என்னைக் கேட்டால், பொருந்தாத எண்ணைவிடச் சந்தேகிக்க வேண்டியது புத்தம்புதிதாகப் பொருந்திய எண்ணைத்தான்.

மாற்றம் அரசியலாகவும் இருக்கும். .410 மஸ்கட் இதற்கு நல்ல சான்று. இஷாப்பூரில் .303-இன் வரித்தடக் குழலை வழுவழுப்பான .410 குழலாக்கி, ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் என்று கட்டுப்படுத்தி, காவலர்களுக்கும் சிறைக்காவலர்களுக்கும் கொடுத்தார்கள். நெடுந்தூரம் குறிபார்க்க முடியாது, இராணுவத் தோட்டாவும் பயன்படாது. 1857 கிளர்ச்சிக்குப் பின் இந்தியர் கையில் எவ்வளவு வலிமையான ஆயுதம் இருக்கலாம் என்று ஆட்சியாளர் போட்ட கணக்கும், 1878 ஆயுதச் சட்டத்தின் மனப்பான்மையும் இந்த இரும்பில் தெரிகின்றன. சேகரிப்போர் இதைக் 'கெடுக்கப்பட்ட' துப்பாக்கி என்பார்கள். ஆய்வுக்கோ, கெடுக்காத .303 நூறைவிட இது ஒன்று அதிகம் சொல்லும். காவலருக்கே வலுக்குறைத்துக் கொடுத்த இந்த மஸ்கட், சுதந்திர இந்தியாவின் விதிகளிலும் .303-ஓடு சேர்ந்து தடைசெய்யப்பட்ட ரகமாகவே நீடித்தது வேடிக்கை.

இன்னொரு போர், இன்னொரு ரகம். 1962 சீனப் போரின் அதிர்ச்சியில் 1963-இல் பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதே நெருக்கடியின் பிள்ளைதான் இஷாப்பூரின் 7.62 மி.மீ. '2ஏ', அதைத் தொடர்ந்த '2ஏ1'. பழைய .303-ஐக் குடைந்து செய்தது என்று இதைத் தள்ளுவோர் இன்னும் உண்டு. அது தவறு. கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் மேம்பட்ட எஃகில் புதிதாகச் செய்யப்பட்டது. 2ஏ1-இன் பேக்சைட்டில் தூரக் குறி 800-உடன் நிற்கும், முந்தைய ரகங்களில் 2000 வரை போகும். மாற்றித் தேய்த்த எண்ணைத் தேடும் முன் இதைப் பார்த்தாலே ரகம் தெரிந்துவிடும்.

சட்டத்துக்கு வருவோம். தடைசெய்யப்பட்ட ரகங்களுக்கு உரிமம் மத்திய அரசிடமிருந்தே வர வேண்டும். அதனால்தான் உரிமதாரர்களுக்கென்று .315 விளையாட்டுத் துப்பாக்கியை அரசுத் தொழிற்சாலைகள் செய்தன. இராணுவத் தோட்டா அதில் சேராது. பழுதுபார்த்தாலும் சுட இயலாத பழம்பொருளுக்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. 2020-இல் அரும்பொருள் வகைச் சிறு ஆயுதங்களை வைத்திருக்க உரிமம் வேண்டாம் என்று விதி தளர்ந்தது, ஆனால் பயன்படுத்தவும் எடுத்துச்செல்லவும் உரிமம் தேவை. சந்தை விலை என்பதே பெரிதாக இல்லாத இந்த நிலையில் மதிப்பீடு சான்று மதிப்பீடாகத்தான் இருக்க முடியும். அது நமக்கு ஒரு வசதி.

ஆனால் முத்திரைகள் எல்லாவற்றையும் சொல்லா. இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் தரப்புப் படைகளின் துப்பாக்கிகள் இந்திய தேசிய இராணுவத்துக்குப் போயின. மலேயாத் தோட்டங்களிலிருந்து அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்கு வந்த தமிழ்ப் பெண்கள் பயிற்சி பெற்றதும் பிரிட்டிஷ் துப்பாக்கிகளில்தான். அந்தக் கைமாற்றத்துக்குப் பாடியில் முத்திரை ஏது? யாரிடம் இருந்தது என்பதைப் பதிவேடு மட்டுமே சொல்லும். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் எடுத்த கற்கோடரி, கிடைத்த இடம் குறிக்கப்பட்டதால்தான் இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாயிற்று. குறிக்காவிட்டால் அது செம்மண்ணில் கிடந்த ஒரு கல். எண்பது வயதான துப்பாக்கிக்கும் அதே நியாயம்தான்.

.303 இப்போது பணியிலிருந்து விலகிக்கொண்டிருக்கிறது. உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளோடு அதற்கு விடைகொடுத்தது. இங்கே தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரியில் சென்னையிலிருந்து தனியாகப் பிரிந்தது. அலுவலகம் பிரியும்போது பதிவேடுகளும் இடம்மாறும், சில தொலையும். ஆகவே கோரிக்கை இது: ஆர்மரிகளிலும் என்.சி.சி. அறைகளிலும் 'டி.பி.' (டிரில் பர்ப்பஸ்) முத்திரையோடு அணிவகுப்புக்கு நிற்கும் துப்பாக்கிகள் உட்பட எதையும் உருக்கவோ வெட்டவோ அனுப்பும் முன், பட் பட்டை, குழல், போல்ட், முன்கட்டை ஆகிய நான்கு இடங்களையும் படமெடுத்து, அந்தந்தத் துப்பாக்கியின் பதிவேட்டுப் பக்கத்தின் நகலோடு சேர்த்து எழும்பூரில் உள்ள காவல்துறை அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்க அரசு ஆணையிட வேண்டும்.