வில்லை மறைத்த வடிவம்

உதகை அரசுக் கலைக் கல்லூரி வளாகத்திலுள்ள கல் மாளிகையைக் காணும்போதெல்லாம் நமக்கு 1819 என்னும் ஆண்டு நினைவுக்கு வரும். அதனைக் கட்டிய ஜான் சல்லிவன் நீலகிரி மலைமீது ஏறிய ஆண்டு அது. சென்னையில் கண் மருத்துவமனை தோன்றியதும் அதே ஆண்டில்தான். இரண்டிற்கும் தொடர்பேதும் இல்லை. ஆண்டு ஒன்றாக அமைந்தது, அவ்வளவே.

நம்மோடு பணியாற்றி ஓய்வுபெற்ற குன்னூர் நண்பர் ஒருவர் கண்புரை அறுவைக்காகச் சமவெளிக்கு இறங்கிச் சென்றார். அளவெடுக்கும் அறையிலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டனர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடினவகைக் காண்டாக்ட் லென்ஸ் அணிந்தவர் அவர். “மூன்று வாரம் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்” என்றார்களாம். பேருந்தில் மலையேறி வந்தவர் பெருங்கோபத்தில் இருந்தார். அந்தக் கோபத்திற்கு விடை தேடியதில் கிடைத்த வரலாறு இது.

கருவிழி ஒரு குவியாடியைப் போல ஒளியைத் திருப்பும். அதில் தெரியும் பிம்பத்தின் அளவைக் கொண்டு அதன் வளைவைக் கணக்கிடலாம் என்று 1850களில் காட்டியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1881இல் பாரிஸில் ஜவாலும் ஷியோட்சும் அக்கருவியை மருத்துவர் எளிதில் கையாளும்படி மாற்றினர். ஏழாண்டு கழித்து, 1888இல், சூரிச்சில் அடால்ஃப் ஃபிக் கண்ணாடியாலான தொடுவில்லையைப் பற்றி எழுதினார். கண்ணை அளக்கும் கருவியும் அந்த அளவையே மாற்றப்போகும் பொருளும் ஒரே தலைமுறையில் பிறந்துவிட்டன.

ஃபிக்கின் வில்லையைச் சில மணி நேரத்திற்குமேல் யாராலும் பொறுக்க முடியவில்லை. ஆகவே சிக்கல் உடனே வெளிப்படவில்லை. 1948இல் கெவின் டூஹி கருவிழியின்மேல் மட்டும் அமரும் சிறு நெகிழி வில்லையை உருவாக்கிய பின்னர்தான் மக்கள் நாள் முழுதும் அணியலாயினர். கருவிழிக்கு இரத்தக் குழாய் கிடையாது. விழித்திருக்கும் நேரத்தில் அதற்கு வேண்டிய ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர் வழியே கிடைக்கிறது. அந்த நெகிழியோ ஆக்சிஜனை விடாது. மூச்சுமுட்டிய கருவிழி வீங்கும். வில்லையின் அழுத்தத்திற்கேற்ப வளைந்தும் கொடுக்கும். வில்லையைக் கழற்றிவிட்டுப் பழைய மூக்குக்கண்ணாடியை அணிந்தவர்களுக்கு உலகம் மங்கலாகத் தெரிந்தது. 1962இல் ஜார்ஜ் ஜெசன் இக்குறையையே மருந்தாக்கி, வேண்டுமென்றே கருவிழியைத் தட்டையாக்க முயன்றார் என்பது சுவையான கிளைக்கதை.

1961 கிறிஸ்துமஸ் காலத்தில் ப்ராக் நகர வீட்டில், பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானத் துண்டுகளால் பொறி செய்து மென்வில்லை வார்த்தார் ஓட்டோ விக்டர்லே. மென்மையானது வடிவத்தைக் குறைவாகவே மாற்றும். மாற்றவே மாற்றாது என்பதற்கில்லை. பின்னர் ஆக்சிஜன் புகும் கடினவில்லைகளும் வந்தன. உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்குதான். வில்லைக்கு அடியிலுள்ள கருவிழிக்கும் அவ்வளவுக்குத்தான் பங்கு.

இனி நண்பரின் வழக்கு. ஒரு காலத்தில் புரை நீக்கியவர்களுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடியே கதி. தேயிலைத் தோட்டங்களில் அதை மாட்டிய முதியவர்களை நாமே கண்டிருக்கிறோம். 1949இல் ஹரோல்ட் ரிட்லி கண்ணுக்குள்ளேயே வில்லை பொருத்தினார். டூஹி கையாண்ட அதே வகை நெகிழிதான். 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையினர் தொடங்கிய ஆரோலேப் அதை எளியவர் கைக்கும் எட்டச் செய்தது. அவ்வில்லையின் பவரைக் கணிக்க 1980களில் பரவிய எஸ்.ஆர்.கே. சூத்திரத்தில், கருவிழி அளவு 0.9 ஆல் பெருக்கப்பட்டுக் கழிக்கப்படும். எனவே கருவிழியில் 1 டயாப்டர் பிழை நேர்ந்தால் உள்ளே வைக்கும் வில்லையில் 0.9 டயாப்டர் பிழை. மூக்குக்கண்ணாடி பிழைத்தால் மாற்றிக்கொள்ளலாம். கண்ணுக்குள் வைத்ததை அப்படி மாற்ற இயலாது. இன்றைய சூத்திரங்கள் நுட்பமானவை. ஆயினும் அவையும் கருவிழி அளவைக் கேட்கத்தான் செய்கின்றன.

இதைச் சொன்னதும் நண்பர் சற்று இறங்கி வந்தார். மூன்று வாரம் பழைய கண்ணாடியோடு தடுமாறினார்; செய்தித்தாளை மனைவி படித்துக் காட்டினார். அப்போது எடுத்த அளவு முதல் அளவிலிருந்து மாறியிருந்தது. “இன்னும் இரண்டு வாரம்” என்றனர். அடுத்த அளவு முந்தையதோடு ஒத்துப்போன பிறகே அறுவைக்கு நாள் குறித்தார்கள்.