எந்த ஆண்டின் மல்லர் பெரியவர்?

பிராட்மன் பெரியவரா, டெண்டுல்கர் பெரியவரா என்ற வழக்கு நம் தேநீர்க் கடைகளில் தீர்ப்பின்றி நடந்துகொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா, ஓக்லஹோமா, பென்சில்வேனியா மாநிலங்களில் அந்த இடத்தைக் கல்லூரி மல்யுத்தம் பிடித்திருக்கிறது. 1928இல் அயோவாவின் ஏம்ஸ் நகரில் முதல் தேசியக் கல்லூரிச் சாம்பியன் போட்டி நடந்தது. அன்றிலிருந்து சேர்ந்த வெற்றிப் பட்டியலை நான் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அதிலுள்ள எண்களை அப்படியே எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வருகிறார்கள் என்பது என் கருத்து.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் ஃப்ரீஸ்டைல் வேறு, அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபோக்ஸ்டைல் வேறு. எதிராளியைக் கீழே கொண்டுவருவதோடு கல்லூரி முறையில் வேலை முடிவதில்லை. அவரை எழவிடாமல் அடக்கி வைத்திருப்பதற்கும், கீழே சிக்கியவர் தப்பிப்பதற்கும் தனித்தனி மதிப்பு உண்டு. எதிராளியைவிட மொத்தத்தில் ஒரு நிமிடம் கூடுதலாக மேலிருந்து கட்டுப்படுத்தியவருக்கு ஒரு புள்ளி சேரும். இதனால் கல்லூரியில் அசைக்க முடியாதவராக இருந்தவர் உலக அரங்கில் அதே அளவுக்கு ஓங்குவார் என்று சொல்லிவிட முடியாது. ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஸ்மித் சகோதரர்களே இதற்குச் சான்று. ஜான் ஸ்மித் வென்ற கல்லூரிப் பட்டங்கள் இரண்டுதான். ஆனால் 1988, 1992 ஒலிம்பிக் தங்கங்களும் நான்கு உலகப் பட்டங்களும் அவருடையவை. அவருடைய தம்பி பாட் ஸ்மித் 1990, 1991, 1992, 1994 ஆகிய ஆண்டுகளில் வென்று, நான்கு கல்லூரிப் பட்டங்கள் பெற்ற முதல் மல்லர் ஆனார். ஒலிம்பிக் பதக்கம் அவருக்கு வாய்க்கவில்லை.

நான்கு பட்டம் என்ற இந்த அளவுகோலைத்தான் ரசிகர்கள் முதலில் கையில் எடுக்கிறார்கள். அதில் ஒரு பெரிய அநீதி ஒளிந்திருக்கிறது. 1960களின் இறுதிவரை முதலாண்டு மாணவர்கள் தேசியச் சாம்பியன் போட்டியில் இறங்கப் பொதுவாக அனுமதி இல்லை. ஆகவே 1928 முதல் 1930 வரை வென்ற ஏர்ல் மெக்கிரெடிக்கும், 1964 முதல் 1966 வரை தோல்வியே காணாமல் வென்ற ஜப்பானியரான யோஜிரோ உவெடாகேவுக்கும் மூன்றே உச்சவரம்பு. நான்காவது பட்டத்தை அவர்கள் கோட்டைவிடவில்லை. அப்படியொன்று அவர்களுக்கு வைக்கப்படவே இல்லை. உவெடாகே 1964, 1968 ஒலிம்பிக் தங்கங்களையும் வென்றவர். அவரை நான்கு பட்டக்காரர்களுக்குக் கீழே எழுதும் பட்டியல்களை நான் மதிப்பதில்லை.

டான் கேபிளும் அந்த விதிக்குள் ஆடியவரே. அயோவா ஸ்டேட் அணிக்காக 1968, 1969 பட்டங்களை வென்றார். உயர்நிலைப் பள்ளியில் தொடங்கி ஒருமுறைகூடத் தோற்காமல் 181 வெற்றிகளைச் சேர்த்தவர், 1970இல் தம் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லாரி ஓவிங்ஸிடம் 13-11 என்று வீழ்ந்தார். இரண்டே ஆண்டுகளில் மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்றார். அவர் ஆடியது எட்டு நிமிட ஆட்டம். இன்றையது ஏழு நிமிடம். ஒரு நிமிடத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள், கடைசி நிமிடத்தில் தளர்ந்த தோள்களோடு நிற்கும் ஒரு மல்லரைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

மறுபுறம், கூடுதலாக ஓர் ஆண்டு கிடைத்தவர்களும் உண்டு. பெருந்தொற்றால் 2020 சாம்பியன் போட்டி ரத்தானது. அந்தப் பருவத்தில் ஒரு தோல்வியும் இல்லாமல் வந்துகொண்டிருந்த அயோவாவின் ஸ்பென்சர் லீக்கு அது பெரும் இழப்பு. 2018, 2019, 2021 என்று அவருடைய கணக்கு மூன்றில் நின்றுபோனது. 2021 பருவம் எவருடைய தகுதிக் காலத்திலும் கழிக்கப்படாது என்று விதி தளர்த்தப்பட்டது. அந்தத் தளர்வினால் பென் ஸ்டேட் அணியின் கார்ட்டர் ஸ்டாரோச்சி 2021 முதல் 2025 வரை ஐந்து பட்டங்கள் வென்றார். அவர் பெரும் மல்லர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஐந்து நான்கைவிடப் பெரியது என்ற பள்ளிக்கூடக் கணக்கு இங்கே செல்லாது.

பிறகு எதைக் கொண்டு அளப்பது? தம் காலத்தவரிடமிருந்து ஒருவர் எவ்வளவு தூரம் விலகி நின்றார் என்பதைக் கொண்டு அளக்கலாம். அப்படிப் பார்த்தால் கேல் சாண்டர்சனுக்கு இணை இல்லை. 1999 முதல் 2002 வரை அயோவா ஸ்டேட்டுக்காக 159 ஆட்டங்கள், 159 வெற்றிகள். நான்கு போட்டிகளிலும் சிறந்த மல்லர் விருதும் அவருக்கே.

ஆனாலும் ஒரு மறுப்பை நானே எழுப்பியாக வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கைல் டேக் 2010 முதல் 2013 வரை நான்கு பட்டங்களையும் நான்கு வெவ்வேறு எடைப் பிரிவுகளில் வென்றார்: 141, 149, 157, 165 பவுண்டுகள். அவர் மொத்தத்தில் நான்கு முறை தோற்றவர். எனினும் கடைசி ஆண்டில் 165க்கு ஏறியபோது, அந்தப் பிரிவின் நடப்புச் சாம்பியனாக இருந்தவர் டேவிட் டெய்லர், பின்னாளில் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அவரை இறுதியில் 5-4 என்று டேக் வென்றார். ஆதிக்கத்துக்குச் சாண்டர்சன், எதிர்ப்பின் கடுமைக்கு டேக் என்பது என் தீர்ப்பு. இருவரில் ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் சாண்டர்சனைச் சொல்வேன், சற்றுத் தயக்கத்தோடு.

எடை என்றவுடன் ஒரு துயரத்தையும் சொல்லாமல் கடக்க முடியாது. 1997இன் கடைசி வாரங்களில், குறுகிய காலத்தில் எடையைக் குறைக்க முயன்ற மூன்று கல்லூரி மல்லர்கள் உயிரிழந்தார்கள். நீரை ஒதுக்கி, ரப்பர் உடை அணிந்து, வெப்ப அறையில் வியர்வை சிந்துவது அதுவரை வீரத்தின் அடையாளமாகவே கருதப்பட்டது. அதன்பிறகு அந்த முறைகள் தடை செய்யப்பட்டன, எடை பார்க்கும் நேரம் ஆட்டத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவரப்பட்டது, பிரிவுகளும் உயர்ந்தன. 118 பவுண்டு 125 ஆனது, 126 பவுண்டு 133 ஆனது. ஆகவே 1990களின் 118 பவுண்டுச் சாம்பியனை இன்றைய 125 பவுண்டுக்காரரோடு ஒப்பிடுபவர், முன்னவர் எந்த நிலையில் பாயில் ஏறினார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அணிகளின் கணக்கு இன்னும் சிக்கலானது. 1986இல் ஐந்து சாம்பியன்களோடு 158 புள்ளிகள் எடுத்த அயோவா, 1997இல் மீண்டும் ஐந்து சாம்பியன்களோடு 170 புள்ளிகள் எடுத்தது. பயிற்சியாளராகக் கேபிள் வென்ற பதினைந்தாவது, கடைசிப் பட்டம் அது. அந்தச் சாதனையை 2024இல் பென் ஸ்டேட் 172.5 புள்ளிகளோடு முறியடித்தது. 2025இல் 177 ஆக உயர்த்தியது. பயிற்சியாளர் அதே சாண்டர்சன். ஆனால் 2023-24 பருவம் முதல் எதிராளியை வீழ்த்துவதற்கான புள்ளி இரண்டிலிருந்து மூன்றாக உயர்ந்துவிட்டது. பெரிய இடைவெளியில் வெல்வது எளிதானால் அணிக்குச் சேரும் கூடுதல் புள்ளிகளும் பெருகும். எனவே 170க்கும் 177க்கும் இடையிலுள்ள ஏழு புள்ளிகளை நான் பொருட்படுத்துவதில்லை.

என்னை மலைக்க வைப்பது வேறோர் எண். 2024இல் இரண்டாமிடம் பெற்ற கார்னெலுக்கு 72.5 புள்ளிகள், இடைவெளி முழுதாக நூறு. விதி மாற்றம் எல்லா அணிகளுக்கும் பொதுவானது. ஆதலால் இந்த இடைவெளியை விதியைக் காட்டித் தள்ளிவிட முடியாது. வேண்டுமானால் ஒன்றைச் சொல்லலாம்: 1980களின் தொடக்கத்தில் முதல் தரப் பிரிவில் மல்யுத்த அணி வைத்திருந்த கல்லூரிகள் 140க்கும் மேல், இன்று ஏறத்தாழ எண்பது. களம் சுருங்கும்போது திறமை சில இடங்களில் குவிகிறது. அதைக் கழித்த பின்பும், 2024 பென் ஸ்டேட்டை 1997 அயோவாவுக்கு ஒரு படி மேலே வைக்கிறேன்.

எவரும் நினைவுகூராத ஓர் அணியையும் இந்த வரிசையில் சேர்ப்பேன். 2001இல் மின்னசோட்டா ஒரு தனிநபர் சாம்பியன்கூட இல்லாமல் பட்டம் வென்றது. அதன் பத்து மல்லர்களும் தத்தம் பிரிவில் முதல் எட்டு இடங்களுக்குள் வந்திருந்தார்கள். 2025 பென் ஸ்டேட்டும் பத்துப் பேரையும் அப்படி நிறுத்தியது, இரண்டு சாம்பியன்களோடு. 2025 வரை ஓர் அணிக்கு அனுமதிக்கப்பட்ட உதவித்தொகைகள் 9.9 மட்டுமே, பத்து எடைப் பிரிவுகளுக்குப் பத்துகூட இல்லை. அதைப் பங்கிட்டுப் பத்து மல்லர்களை உருவாக்குவது பயிற்சியாளரின் தனிக் கலையாக இருந்தது. 2025-26 பருவம் முதல் அந்த வரம்பு நீங்கி, அணியில் முப்பது பேர் வரை என்ற புதிய ஏற்பாடு வந்திருக்கிறது. என் பட்டியலில் 2025க்குக் கீழே ஒரு கோடு கிழித்திருக்கிறேன். அதற்குப் பின் வரும் அணிகளை வேறு பக்கத்தில் எழுதுவேன்.